சேலத்தில் எடுத்த திருவிதாங்கூர் படம்

சேலம்
12-10-1940

அன்புள்ள அண்ணாவுக்கு நாகு அநேக நமஸ்காரம்.

நீ, மன்னி, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியமென்று நம்புகிறேன். நான் சௌக்கியம். பன்னிரண்டு வருஷம் கழித்து வரும் கடிதம். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நாகர்கோவில் பகவதிப்பெருமாள் பிள்ளை ஒரு படம் எடுத்திருக்கிறார். நான்தான் கதாநாயகி. பெயர் மட்டும் லீலாபாய் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஸ்டூடியோ இல்லையே, அதனால் சேலத்தில் எடுத்தோம். இப்போது அதைத் திருவிதாங்கூர் ராஜ்யத்துப் படம் என்று சர்க்காரில் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். அது இருந்தால் தை மாதம் அரண்மனைக் காட்சியில் போடுவார்கள், கொட்டகைக்காரர்களும் முதலில் எடுப்பார்கள். இல்லாவிட்டால் பம்பாய்ப் படங்களுக்குப் பின்னால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வெளியே எடுத்த படமானால் முதலாளியும் முக்கிய நடிகர்களும் இந்த ராஜ்யத்தில் பிறந்தவர்களாக இருக்க வேண்டுமாம். மற்றவர்களுக்கெல்லாம் சாட்சி கிடைத்துவிட்டது. வலியசாலை வீட்டின் பின்கட்டில் பிறந்த எனக்கு எந்த ஆபீஸில் பதிவு இருக்கிறது? அங்கே குடியிருக்கும் இரத்த சம்பந்தம் உள்ளவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். உன்னை விட்டால் எனக்கு யார்? விண்ணப்பமும் உன் மேஜைக்குத்தான் வருகிறதாம்.

இரண்டு வரி, அண்ணா. இவள் என் தங்கை, இங்கே பிறந்தவள் என்று எழுது. வேறொன்றும் கேட்க மாட்டேன்.

உன் தங்கை
நாகு


வலியசாலை, திருவனந்தபுரம்
கொல்லம் 1116 ஐப்பசி 3

மிஸ் லீலாபாய் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாகலக்ஷ்மி என்று எனக்கு ஒரு தங்கை இருந்தாள். புருஷன் இரண்டாவதாக ஒருத்தியைக் கொண்டுவந்தான் என்று கோபித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். திரும்பிப் போகச் சொன்னேன். போகாமல் நாடகக் கம்பெனியோடு ரயிலேறினாள். மறுவாரமே சாஸ்திரிகளை வைத்துக் குடம் உடைத்து, அவளுக்கு ஆகவேண்டிய கர்மத்தை முடித்துவிட்டேன். வருஷா வருஷம் திவசமும் குறைவில்லாமல் நடக்கிறது. செத்தவள் உயிரோடிருக்கிறாள் என்று இப்போது நான் எழுதிக் கொடுத்தால் தெருவே சிரிக்காதா? இத்தனை வருஷம் யாருக்கு ஓய் பிண்டம் போட்டீர் என்று கேட்க மாட்டார்களா?

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினிமா என்பது துணியில் விழும் நிழல். நிழலுக்கு ஜன்மபூமி கேட்டு மனுப்போடும் கூத்தை இந்த ஆபீஸில் உட்கார்ந்த நாளாக நான் கண்டதில்லை. சேலத்துக் கொட்டகையில், மதராஸ்காரன் பிடித்து, யாரோ ஒரு வங்காளி சொல்லிக்கொடுத்து ஆடியதெல்லாம் இந்த ராஜ்யத்துச் சரக்காம்! பிள்ளைவாள் தேங்காய் வியாபாரத்தோடு நின்றிருக்கலாம்.

விண்ணப்பம் என் மேஜையில்தான் இருக்கிறது. கதாநாயகிக்குச் சாட்சி இல்லை என்று குறிப்பெழுதி மேலே அனுப்ப உத்தேசம்.

இப்படிக்கு
பி. பஞ்சாபகேசன்
ஹெட்கிளார்க்


சேலம்
27-10-1940

அண்ணா,

எனக்கு நீ திவசம் செய்கிற செய்தி இப்போதுதான் தெரிந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. புருஷன் தென்காசியில் கல்லுக்குண்டாக இருக்கும்போது கல்யாணமான தங்கைக்கு அண்ணன் திவசம் செய்யலாமென்று எந்த சாஸ்திரிகள் சொன்னார்? அவருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று, அதனால் சொல்லியிருப்பார். பாகற்காய்ப் பிட்லை பண்ணினீர்களா? எனக்கு அது பிடிக்காது என்று மன்னிக்குத் தெரியும். செத்த பிறகாவது என்னைப் பாகற்காய் இல்லாமல் விடக்கூடாதா?

சேலத்தில் எடுத்தது உங்கள் ராஜ்யத்துப் படம் ஆகாதோ? நம் அப்பா பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். மன்னி வந்தது தஞ்சாவூரிலிருந்து. நீ எழுதும் பேனா ஜெர்மனி. போட்டுக்கொள்ளும் கோட்டு மான்செஸ்டர். எல்லாவற்றையும் அள்ளிப் பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் நீ மாத்திரம் அசல் திருவிதாங்கூர்! உன் கண்ணுக்கு எது இந்த ஊர், எது அந்நியம் என்று யார் மேலே உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் சொல்ல வேண்டும். உனக்காக ஒன்றும் தெரியாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அன்றைக்கு உன் வாசலில் நின்றபோது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருந்தால் நான் ரயிலேறியிருக்க மாட்டேன். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் குடத்தை அவ்வளவு அவசரமாக உடைத்தாய்.

குறிப்பெழுது. தாராளமாக எழுது. ஆனால் பிள்ளைவாளும், விளக்குப் பிடித்தவர்களும், அந்த வங்காளியும் ஒரு வருஷம் தூங்காமல் பாடுபட்டது உன் ஒரு பேனாக் கீறலில் வீணாகப் போகிறது. அதற்காகத்தான் உன்னிடம் கெஞ்சினேன். எனக்காக என்றால் உன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

நாகு


வலியசாலை
1116 கார்த்திகை 9

சிரஞ்சீவி சௌபாக்யவதி நாகுவுக்கு அண்ணாவின் அநேக ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதவும். முன் கடிதத்தில் ஆபீஸ் அலுப்பில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

நேற்று ஒரு விசேஷம். பிள்ளைவாள் எங்கள் ஆபீஸுக்கே பெரியவரான பேஷ்காரைப் பார்த்துப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். நீ யார் என்பதும் பேச்சில் வந்துவிட்டது. பேஷ்கார் என்னை உள்ளே கூப்பிட்டு, "எடோ பஞ்சாபகேசா, லீலாபாய் தன்றெ பெங்ஙளாணோ? இத்ர காலம் எந்தே மிண்டாஞ்ஞு?" என்று தோளில் தட்டினார். தங்கையென்று இத்தனை நாள் வாய் திறக்கவில்லையே என்று அவருக்கு என் மேல் செல்லக் கோபம்! இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் என்னை உட்காரச் சொன்னது நேற்றுத்தான். பக்கத்து செக்‌ஷன் வெங்கடகிருஷ்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆகையால் நேற்றே சாட்சிப் பத்திரம் எழுதிச் சேர்த்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. சர்ட்டிபிகேட் நேரே உங்களுக்கு வரும். திவசத்தையும் நிறுத்தியாயிற்று.

சாஸ்திரிகளையும் கேட்டேன். கர்மம் ஆன பிறகு திரும்பி வருகிறவர்களுக்கு வழி உண்டாம். "நெய்யில முக்கி எடுத்து, ஸ்நானம் பண்ணிவெச்சு, பொறந்த கொழந்தைக்குப் பண்றாப்ல ஜாதகர்மம், நாமகரணம் எல்லாம் பண்ணிட்டாப் போச்சு ஓய். பேஷாப் பண்ணிடலாம். நெய்க்கு மாத்திரம் இப்பவே சொல்லிவையும்" என்றார். தை முதல் வாரம் நல்ல நாள் பார்த்திருக்கிறேன். நீ வந்து உட்கார்ந்தால் போதும். பேஷ்காரும் வந்து போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"நாகு கையெழுத்துப் போட்ட போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்லுங்கோன்னா" என்று மன்னி நச்சரிக்கிறாள். அரண்மனைக் காட்சியில் பேஷ்காரை அடுத்து எனக்கும் நாற்காலி போடச் சொல்லிப் பிள்ளைவாளுக்கு ஒரு வரி எழுது.

உன் அண்ணா
பஞ்சாபகேசன்


சேலம்
6-12-1940

மகாராஜராஜஸ்ரீ பஞ்சாபகேசய்யர் அவர்களுக்கு நமஸ்காரம்.

சர்ட்டிபிகேட் நேற்று வந்தது. எங்கள் படம் திருவிதாங்கூர் ராஜ்யத்துப் படம் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைவாள் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். தங்கள் உதவிக்கு நன்றி.

"மேற்படி நாகலக்ஷ்மி என் உடன்பிறந்த தங்கை, இன்றும் உயிரோடிருக்கிறாள்" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் அழுதுவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். அடுத்த படத்துக்குப் பவுடர் பூச வந்தவர் வெளியே போய்க் காத்திருந்தார். அந்த வார்த்தையைக் கேட்க எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வாயில் அதை வரவழைக்க ஒரு பேஷ்கார் தோளில் தட்ட வேண்டியிருந்தது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நெய் வாங்க வேண்டாம். சொல்லிவிட்டிருந்தால் அந்த நெய்யில் குழந்தைகளுக்கு மைசூர்பாகு பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள். திவசத்தை நிறுத்தியது அவசரம். உங்கள் வாசலில் நின்ற பெண் செத்தது நிஜம்தான். அவளுக்குச் செய்கிறதைச் செய்துகொண்டிருங்கள்.

மன்னிக்குப் போட்டோ தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

காட்சிக்கு வருகிறேன். பேஷ்காரை அடுத்து உங்களுக்கு நாற்காலி போடும்படி எழுதிவிட்டேன். அவர் என்னைக் காட்டிக் கேட்டால் தங்கை என்றே சொல்லிக்கொள்ளுங்கள். மறுக்க மாட்டேன். படத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள், அந்த மரியாதைக்குச் சிரித்துக் கும்பிடுகிறேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நீங்கள் யாரோ, நான் யாரோ.

இப்படிக்கு
லீலாபாய்