எரவாணத்து டம்ளர்

விடுதி, கோவை
14.8.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒத்துவராவிட்டால் திரும்பி வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன்.

ஓர் அறையில் நாலு பேர் இருக்கிறோம். ஐந்து மணிக்கே எழுந்தால்தான் குளிக்கத் தண்ணீர் கிடைக்கும். மெஸ் உப்புமாவில் உப்பே இருக்காது. அதெல்லாம் பழகிவிட்டது.

முதல் நாள், நீ பெட்டியில் வைத்தனுப்பிய டம்ளரில் டீ வாங்கிக் குடித்தேன். கழுவி, மெஸ்ஸுக்கு வெளியே சுவரோரம் தனியாகக் கவிழ்த்து வைத்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என் கை தானாகவே செய்தது.

என் அறையில் இருக்கும் காங்கேயத்துப் பெண் சாரதாமணி அதைப் பார்த்துவிட்டாள். "ஏனுங்க, இங்க எதுக்கு வெச்சீங்க? தொலஞ்சு போயிருமுங்க" என்று எடுத்துப் போய், உள்ளே எல்லா டம்ளர்களோடும் சேர்த்து வைத்துவிட்டாள். தெரியாமல் செய்தாளா, தெரிந்தே செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வேறு யாரோ அதில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறொரு டம்ளர் வந்தது. குடித்துவிட்டு, அதையும் கழுவி உள்ளேயே வைத்தேன். இப்போது தினமும் அப்படித்தான்.

தீபாவளிக்கு வருகிறேன். அதற்குள், நீ வேலைக்குப் போகும் தோட்டத்துக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையின் எரவாணத்தில் உனக்கென்று சொருகி வைத்திருக்கும் டம்ளரை நம் வீட்டுக்கு எடுத்து வந்துவிடு. நீ எடுக்காவிட்டால் நான் போய் எடுப்பேன்.

உன் மகள்