உருண்டையாகவே வருகிறது

ஜூன் 3

அன்புள்ள வாலுக்கு,

சண்டை போட்டுப் பிரிந்து ஏழு மாதம். ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. காரியம் ஆக வேண்டியிருப்பதால் நானே எழுதுகிறேன். திட்டிக்கொள்.

நீ என் ஆய்வகத்தில் உதவிக்கு இருந்தபோது வந்த துகள்கள் எல்லாம் முட்டை வடிவம். அதை வைத்துத்தான் கட்டுரை எழுதினேன். இப்போது தலைகீழாக நின்றாலும் உருண்டைதான். அதே பாலிமர், அதே கரைப்பான். சோப்புத் தண்ணீரில் கலக்கித் துளிகளாக்கி, கரைப்பான் மெல்ல ஆவியாக இரண்டு நாள் விடுகிறேன். ஒவ்வொரு துளிக்குள்ளும் பாலிமர் தானே அடுக்கிக்கொண்டு துகளாகிறது, ஆனால் உருண்டையாக. இருபதாம் தேதி என் வேலையை மதிப்பிடும் குழுவினர் நேரில் பார்க்க வருகிறார்கள். முட்டை வராவிட்டால் பணி நீட்டிப்பு கிடையாது. நீ அப்போது வேறு என்ன செய்தாய்? யோசித்துச் சொல்.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் நலம்.

குப்பிகளில் பிசுக்கு இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினாயே, மறுநாளிலிருந்து கேன்டீனில் பாத்திரம் கழுவும் சோப்பை வாங்கிவந்து கழுவினேன். கோபத்தில் ஒரே தடவைதான் அலசினேன். நுரை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. உன் சோப்போடு அதுவும் கலந்திருக்கும். அப்போதே சந்தேகம் வந்தது. முட்டை வந்ததென்று நீ துள்ளியதைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டையும் கலந்து பார்.

வாலு

ஜூன் 21

வாலு,

வந்துவிட்டது. பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டுக்கு முட்டை. கூடினால் மறுபடி உருண்டை. குழுத் தலைவர் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்தே நான்தான் அளந்து கலந்தேன், கட்டுரையில் எழுத விட்டுப்போயிற்று என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடம் நீட்டிப்பு. நீ யாரிடமும் மூச்சு விடாதே.

உனக்கு நல்ல கைப்பை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா

ஜூன் 26

அக்கா,

கைப்பை வேண்டாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாய். என் பெயர் வராததில் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிறது. அதைவிடப் பயம் அதிகம். உன் கட்டுரையை நம்பி எங்கோ ஒருத்தி குப்பிகளைப் பளபளவென்று கழுவுவாள். உருண்டை வரும். தன் கைதான் சரியில்லை என்று அழுவாள். உன் பேச்சைக் கேட்டு நானும் அப்படித்தான் அழுதேன்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீயே அவரிடம் உண்மையைச் சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

வாலு

ஜூலை 1

அன்புள்ள வாலுக்கு,

இன்று காலை தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. "யாரு கழுவினது?" என்று மட்டும் கேட்டார். "என் தங்கச்சி. காரணத்தையும் அவதான் கண்டுபிடிச்சா" என்றேன்.

நீட்டிப்பை நிறுத்திவைத்திருக்கிறார். கட்டுரைக்குத் திருத்தம் கேட்டார். உன் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி என்ன ஆகும் என்று தெரியவில்லை.

எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டியதற்கு மன்னித்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு நாள் வந்து என் கூட இரேன்.

அக்கா