ஆறு மணி நேரப் பயணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

“ஆறு மணி நேரந்தானே, சட்டுனு ஒரு நடை வந்துட்டுப் போயேம்மா” என்கிறீர்கள். விமானத்துக்கு ஆறு மணி நேரம்தான். எனக்குத்தான் மூன்று வருடமாகியும் வந்து சேர முடியவில்லை.

நம் ஊர் விமானம் இறங்கியதும் உள்ளே கூட்டித் துடைப்பது நாங்கள்தான். நேற்று ஒரு சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் ஆறாமல் இருந்தது. உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் தட்டி எழுப்பி, “என்னம்மா, டிக்கெட் இல்லாமலே ஊருக்குக் கிளம்பிட்டியா?” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

தையல்காரர் மகள் அடுத்த மாதம் இதே விமானத்தில் வருகிறாளாமே. அவளிடம் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். எந்த சீட் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அதைக் கடைசியாகத் துடைத்துக்கொள்கிறேன்.

வேன் வந்துவிட்டது அப்பா.

உங்கள் மகள்