பால் பொங்கிய வியாழக்கிழமை

அன்புள்ள லோஷினியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். சென்ற முறை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விட்டீர்கள். எண்ணெய் ஆலையில் செம்பனைப் பழம் குவியும் காலம், அங்கேயே தங்கிப் பாய்லரை அணைக்காமல் ஓட்டுகிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தை நீங்கள் விழித்திருந்து கேட்க வேண்டும். அதனால்தான் எழுதி, துவைத்த சட்டைகளோடு அய்யாவு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் லாரி எப்படியும் உங்கள் ஆலைக்குத்தானே பழம் ஏற்றி வருகிறது.

புது வீட்டில் பெட்டிகளில் பாதியைப் பிரித்துவிட்டேன். உங்கள் டூல்ஸ் பெட்டியைத் தொடவில்லை, எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது. பின்னால் இருக்கும் குழாய் இன்னும் சொட்டுகிறது. பாய்லர்காரர் வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. லோஷினி புதுப் பள்ளியில் முதல் வாரம் அழுதாள். இப்போது காலையில் என்னை அவசரப்படுத்துகிறாள்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை, அவர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல, காக் சல்மா என்று அழைக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாம் சாமான் இறக்கிய அன்று வேலிக்கு மேலே தட்டு நிறைய வாழைப்பழப் பலகாரம் நீட்டினாரே, அவர்தான். நீங்கள் நாலு சாப்பிட்டீர்கள். ஐந்தாவது கையில் இருக்கும்போது ஆலையிலிருந்து போன் வந்தது.

அன்று கிளம்பும்போது, "நான் வராம பால் காய்ச்சிடாத ஷாந்தி, சீக்கிரம் வந்துடுவேன்லா" என்று சொன்னீர்கள். நான் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். புதுப் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி அலமாரியில் வைத்தேன். தேநீரும் மைலோவும் டின் பாலில்தான் கலக்கினேன். அடுப்பில் பால் ஏறவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், பால் காய்ச்சாத வீட்டில் விருந்தாளிபோல இருந்தது. விளக்கு ஏற்றினேன், கூட்டினேன், துடைத்தேன். ஆனாலும் என் வீடு என்று மனசு ஒட்டவில்லை.

வியாழக்கிழமை லோஷினிக்குக் காய்ச்சல். பயப்படாதீர்கள், இப்போது ஒன்றுமில்லை, முற்றத்தில் சைக்கிள் ஓட்டுகிறாள். கிளினிக்கில் காட்டி அழைத்து வந்த பிறகுதான், சூடு தணிய நெற்றியில் ஒட்டும் பட்டை வாங்காதது நினைவுக்கு வந்தது. காக் சல்மாவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். சூடாகப் பால் வேண்டும் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் தம் வீட்டிலிருந்து பால் கொண்டுவந்து, இருப்பதிலேயே பளபளப்பான பானையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, இவளுக்கு நெற்றியைத் துடைக்கப் போயிருக்கிறார்.

நான் வந்தபோது அடுப்பெல்லாம் பால். மஞ்சள் கொத்தைப் பிய்க்காமல் அவிழ்த்து, ஒரு தட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அழுக்காக்கிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று மலாயில் சொல்லிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அடுப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து, பாவம், இன்னும் வேகமாகத் துடைத்தார். பிறகு எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. உன் கணவருக்குச் சொல்லாதே, அவர் வந்ததும் புதிதாகக் காய்ச்சிக்கொள் என்றார்.

எனக்கு உங்களிடம் மறைக்கத் தெரியாது. கோபப்பட்டால் என்மேல் படுங்கள், அவர்மேல் வேண்டாம். நம் பிள்ளைக்காகக் காய்ச்சிய பால். பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று கேட்பீர்கள், தெரியும். கிழக்கா வடக்கா என்று லோஷினியிடம் விசாரித்தேன். "எல்லாப் பக்கமும் பொங்குச்சுமா" என்கிறாள்.

நான் அழுதது உங்கள் வார்த்தையைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காக மட்டும் இல்லை. அந்தப் பால் வாசனையில் முதல்முறையாக இது நம் வீடு என்று தோன்றியது. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பானையைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். மஞ்சள் வாடினாலும் பரவாயில்லை, தட்டிலேயே இருக்கிறது. நான் திரும்பக் கட்டப்போவதில்லை. பழம் குறையும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். காக் சல்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். முருகன் துணையிருப்பான், பாய்லர் பக்கம் கவனமாக இருங்கள்.

அந்த முடிச்சை நீங்கள் வந்து போடுங்கள்.

உங்கள்,
ஷாந்தினி
கூலாய்