மாடி மெத்தையில் ஓர் இடம்

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி முடிந்தது. வெயில் முடியவில்லை. காலையில் கடை மாடியில் புடவை விரிக்கிற மெத்தைகளுக்கு வெள்ளை உறை மாற்றினோம். இனி கல்யாணப் பார்ட்டிகள் வர ஆரம்பிக்கும்.

மாடி இன்சார்ஜ் சார் மகனோடு இருக்க ஓசூர் போய்விட்டார். அவர் இடம் காலி. முகூர்த்தப் புடவை எல்லாம் மாடியில்தான். எங்கள் கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரிப்பவர்கள் ஆண்கள். பெண்கள் நின்றபடியே எடுத்துத் தருவோம், மடிப்போம், தோளில் போட்டுக் காட்டுவோம். மெத்தைக்கு நடுவில் இன்சார்ஜ். இதுவரை ஒரு பெண் அங்கே உட்கார்ந்ததில்லை.

எனக்கு அது வேண்டும். இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். வேண்டும்.

போட்டிக்குத் தணிகாசலம் அண்ணன். என்னைவிட சீனியர். நன்றாக விற்பார், ஆனால் கஸ்டமர் இரண்டு தடவை முகம் சுளித்தால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். உடனே "கோமதி, இங்க வாம்மா" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பேசி, புடவையை எடுக்க வைத்து, திரும்ப வந்து நிற்பேன். பில்லில் அவர் பெயர்.

மதியம் முதலாளி: "யோசிச்சிக்கினுதான் இருக்கேன்மா. பாப்போம்."

வாங்க: சீயக்காய், என் பெண் ரம்யாவுக்கு கிராஃப் நோட்டு. காஸ் புக் பண்ண.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முசரவாக்கம் தாண்டியதும் குனிந்து மெட்டி போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது கழற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்குத்தான் தெரியக் கூடாது.

முகூர்த்தப் புடவையை முதலில் ஒரு சுமங்கலி தோளில் போட்டுப் பார்ப்பது இங்கே வழக்கம். அவர் போன பிறகு நான் வேலைக்குத் திரும்பிய வாரம், கீழே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குள் எல்லோரும் வெறுங்கால்தானே. "வேற பொண்ணு யாரும் இல்லியா?" என்றார். மறுநாள் முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "கடையில இருக்கிற வரைக்கும் மெட்டி போட்டுக்கோம்மா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டியாவது தீர்த்திருப்பேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் போட்டேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

ரம்யாவுக்குச் சளி. துளசி போட்டுக் கொதிக்க வைத்தேன், குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கால் வலி. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். பெண்ணுக்கு மயில் பச்சை வேண்டும். மாப்பிள்ளையின் அத்தைக்கு அரக்குதான் வேண்டும். தணிகாசலம் அண்ணன் விரித்து விரித்து மெத்தை தெரியாமல் நிரப்பிவிட்டார். அத்தை ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிவிட, "இதுக்கு மேல எங்கிட்ட இல்லம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை எழுந்தே விட்டார். வேறு கடை பார்க்கலாம் என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். முதலில் எல்லாப் புடவையையும் எடுக்கச் சொன்னேன். மெத்தை காலி. பிறகு ஒன்றே ஒன்று. பச்சை உடம்பு, அரக்கு பார்டர், அரக்கு முந்தி. "முந்தானைதானே போட்டோவுல முன்னால நிக்கும்? அது உங்க கலரும்மா" என்றேன் அத்தையிடம். சிரித்துவிட்டார். உட்கார்ந்தார்.

பெண்ணின் அம்மா மட்டும் தூண் பக்கம் ஒதுங்கி நின்றார். தொட்டுப் பாருங்கம்மா என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கை வேணாம்மா. அவங்க அப்பா இல்ல. நீ போட்டுக் காட்டு. நீ நல்லா இருக்கிறவ."

என் காலைப் பார்த்துத்தான் சொன்னார்.

போட்டுக் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்னாட்டம் ஒருத்தி தோள்ல வுழுந்துச்சே, எம் பொண்ணுக்கு ராசிதான்." என் நம்பரும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். டப்பாவை அப்படியே மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எனக்குத்தான் கிடைத்தது. காலையில் சாமி கும்பிட்டதும் எல்லோர் முன்னாலும் முதலாளி சொன்னார். "மாடிக்கு இனிமே கோமதிதான்." கை தட்டினார்கள். மடிக்கிற செல்வி என் இடுப்பைக் கிள்ளினாள். "யக்கா, எங்களுக்கும் சேத்து உக்காருக்கா."

உட்கார்ந்தேன். மெத்தையில் உட்கார்ந்தால் கடையே வேறு மாதிரி தெரிகிறது. சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

தண்ணீர் குடிக்கப் போனபோது தணிகாசலம் அண்ணன் பின்னாலேயே வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "உன் வீட்டு விஷயம் எனக்குத் தெரியும்மா. எந்தக் கஸ்டமர்கிட்டயும் என் வாயால வராது. நீயும் என்னை எதுவும் கேட்டுக்காத."

மதியம் டீ குடிக்கப் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். பார்ட்டி காத்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் என் காலைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்சார்ஜ் ஆன முதல் நாளே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கூட்டம். மின்விசிறி ஒன்று ஓடவில்லை. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் வாலாஜாபாத் அம்மா போன் செய்தார். பெண்ணுக்கு நலங்கு வைக்க ஐந்து சுமங்கலி வேண்டுமாம், நான்கு பேர் கிடைத்துவிட்டார்களாம், ஐந்தாவது நான்தான் என்று ஆசைப்படுகிறாராம். முதலாளிக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா. "போய்ட்டு வாம்மா, லீவு தரேன். இந்த மாதிரி ஃபேமிலிய வுட்றக் கூடாது."

மாடிப்படிக்கு வந்து அந்த அம்மாவுக்கு நானே திரும்பப் போன் செய்தேன். புடவை வேறு, நலங்கு வேறு. அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூச என்னால் முடியாது. புருஷன் இல்லாதவள் பூசினால் தப்பு என்று நம்பி இல்லை. அந்த அம்மா தன் பெண்ணையே தொடாமல் தள்ளி நிற்க, நான் பொய்யாகப் போய் நிற்பேனா? எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். "எனக்கும் வீட்டுக்காரர் இல்லம்மா. ரெண்டு வருஷம் ஆவுது."

 திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுதார்.

"ஏம்மா இத எங்கிட்ட சொன்ன? ரவிக்கை தெச்சி வந்துடுச்சி. அந்த அத்தைக்குத் தெரிஞ்சா என் பொண்ணு அங்க வாழ முடியுமா? நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் புடவையத்தான் சொல்லுவாங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

"சொல்லாம இருந்தா பத்தாதும்மா. நீ நலங்குக்கு வா. வரலன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க. உன் வீட்டுக்காரர் இருக்கார்னே வெச்சுக்கோ, எம் பொண்ணுக்காக."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.