பாஸ்காலிஸ் சொன்ன மூன்று மணி

அன்பு மகள் அசிமினாவுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சிரித்த முகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன், அது பொய்யாகாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ அங்கே மெல்பர்னில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பயந்துபோவாய். தாளில் அழுதால் உனக்குக் கேட்காது அல்லவா.

ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. கோடைக்கு வந்த கூட்டமெல்லாம் போய்விட்டது, கடற்கரையில் நாற்காலிகளைக் கட்டி அடுக்கிவிட்டார்கள். உன் சித்தி அத்திப்பழ ஜாம் ஆறு பாட்டில் கொடுத்தாள், இரண்டை உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், அனுப்பினால் உங்கள் ஊர் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களாமே, அப்படியானால் நீதான் வந்து சாப்பிட வேண்டும். நான் சொல்ல வந்தது நீ போனுக்கு அனுப்பிய, ஒரு ஊர் மணியை இன்னொரு ஊர் மணியாக மாற்றிக் காட்டும் அந்தப் பக்கத்தைப் பற்றி. உங்கள் ஊரில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் போடுகிறார்களே ஏ.எம்., பி.எம். என்று இரண்டு எழுத்து, அதை நான் ஒருநாளும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை, அதனால்தானே உன்னை நடுத்தூக்கத்தில் எழுப்பிவிட்டேன். இங்கே பேருந்துக்கும் கப்பலுக்கும் இருபத்து நான்கு வரைக்கும் எண்ணிவிடுகிறார்கள், குழப்பமில்லை. அதோஸ் மலையில் உன் தம்பி பாஸ்காலிஸ் இருக்கும் மடத்திலோ பொழுது சாய்கிறபோது பன்னிரண்டு மணி. ஒரே அம்மாவுக்கு மூன்று விதமான மணி. எந்தப் புண்ணியவான் அந்தப் பக்கத்தைச் செய்தானோ, அவன் வீட்டிலும் பிள்ளைகள் இப்படித் திசைக்கொருவராக இருந்திருக்க வேண்டும்.

காலையில் காப்பி பொங்கி வருவதற்குள் அதைத் திறந்து பார்ப்பது எனக்கு இப்போது ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு எட்டு என்றால் உனக்குப் பிற்பகல் மூன்று, அவனுக்குப் பன்னிரண்டே முக்கால். ஒரே வெளிச்சம்தான், அதை ஆளுக்கொரு எண்ணில் பிடித்து வைத்திருக்கிறோம். எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் சமையலறைச் சுவர் இல்லாததுபோல் ஆகிவிடும். நீ ஈரத் தலையோடு பேருந்துக்கு ஓடுவதும், அவன் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுவதும் ஒரே ஜன்னலில் தெரியும். பிறகு காப்பி பொங்கி அடுப்பில் வழியும், உன் அப்பா உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

போன வாரம் பாஸ்காலிஸ் கூப்பிட்டான். மடத்துப் போனில் அவனுக்கு எத்தனை வார்த்தை கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் துறவுப் பட்டம் கொடுக்கப்போகிறார்கள் என்றான். அன்றைக்கு முடி கத்தரித்து, பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைப்பார்கள். பிறகு தணிந்த குரலில், "அம்மா, புதன்கிழமை மூணு மணிக்கு எனக்குப் படகுத்துறையில வேலை. விறகு இறக்கணும். கடல்ல நம்ம படகு நின்னா எனக்குத் தெரியும்" என்றான். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லும்மா. வரலேன்னாலும் பரவாயில்ல" என்றான், அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

அவன் மடத்துக்குப் போனதிலிருந்து, மூன்று வருஷமாக, உன் அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் கால் வைக்கக் கூடாத மண் அது, கரைக்கு ஐந்நூறு மீட்டர் இந்தப் பக்கம்தான் என் இடம். அவருக்கு அந்தத் தடை கிடையாது, அனுமதிச் சீட்டு எடுத்தால் நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் போகமாட்டார். போக முடியாதவள் நான் துடிக்கிறேன், முடிந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்றைக்குத் துறையில் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். தூரிகையை நிறுத்தாமல், "எந்த மூணு? மனுஷங்க மூணா, சாமியாருங்க மூணா?" என்றார். நீ அனுப்பிய பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "பொழுது சாயறப்போ பன்னெண்டு அடிக்கிற ஊரு அது. அங்க போறதுக்கு ஒரு மிஷின் வேற கேக்குதா உனக்கு?" என்று சிரித்தார். நான் கிளம்பி நாலு எட்டு வைத்த பிறகு பின்னாலிருந்து, "புதன்கிழமை அந்தப் பக்கம் வலை பாக்கப் போறேன். ஏறிக்கிறதுன்னா ஏறிக்க. உனக்காகப் போகல" என்றார். அந்தப் பக்கம் அவருக்கு வலையே கிடையாது அசிமினா.

நான் பக்கத்தைத் திறந்து மூன்றைப் போட்டேன், விடிகாலை மூன்றுக்கு யாரும் விறகு இறக்கமாட்டார்கள் என்று பகல் மூன்றாகவே போட்டேன். ஏழே முக்கால் என்று வந்தது. அப்படியானால் காலை ஏழே முக்கால் என்று எடுத்துக்கொண்டேன். விடிந்ததும் கீரை பிட்டா சுட்டு, ஆலிவும் சீஸும் கட்டிக்கொண்டு ஏறிவிட்டோம். கடல் அன்றைக்கு ஒரு சொட்டு அசையவில்லை. மலையின் அடிப்பாகம் முழுக்கப் பனி மூட்டம், உச்சி மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் மேலே நின்றது. மடத்துக்கு நேரே தூரத்தில் படகை நிறுத்தினார். படகுத்துறையில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தெரிந்தது, பூனை. வேறு யாரும் இல்லை.

நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எட்டு ஆயிற்று, எட்டரையும் ஆகப்போகிறது. உன் அப்பா பூனையைக் காட்டி, "அதான் உன் பையனா பாரு. தாடியெல்லாம் வளர்ந்திருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார்களோ, படுத்துவிட்டானோ, மனசு மாறி நம்மைப் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டானோ என்று ஒவ்வொன்றாக ஓடியது. போனை எடுத்து மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன், எழுத்தெல்லாம் எறும்பாக ஓடிற்று. அவர் என் கையிலிருந்து வாங்கி, கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். "இங்க ரெண்டு கட்டம் இருக்கு. மேல இருக்கறது நம்ம நேரம், கீழ இருக்கறது அவங்க நேரம். அவன் சொன்ன மூணைக் கொண்டுபோய் நம்ம கட்டத்துல போட்டிருக்கியே, க்ரிசாந்தி!" என்றார். அப்புறம் வலை முடிச்சுப் போடும் அந்தத் தடித்த விரலால், நாலு தடவை தப்பாக அழுத்தி, திட்டிக்கொண்டே கீழ்க் கட்டத்தில் அவரே மூன்றைப் போட்டார். பத்தேகால் என்று வந்தது.

இதோ கிளம்பலாம் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எஞ்சினை அணைத்தார். "இன்னும் நேரம் கெடக்கு. தூண்டில் போடறேன்" என்றார்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை மகளே. என் தப்பால் வந்த நேரம் அது, எங்கள் கணக்கிலும் இல்லை, அவன் கணக்கிலும் இல்லை. எஞ்சின் நின்றதும் தண்ணீர் படகின் வயிற்றைத் தடவும் சத்தம் மட்டும். மூட்டம் மெல்ல மெல்ல மேலேறி, முதலில் மடத்தின் சுவர், பிறகு சைப்ரஸ் மரங்கள், பிறகு சிவப்பு மாடங்கள் என்று ஒவ்வொன்றாக நனைந்த தாளில் படம் தெரிவதுபோல் தெரிந்தது. நான் பாதி தூங்கினேன் போலிருக்கிறது. நீ ஏழு வயசில் படகின் மூக்கில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய், பாஸ்காலிஸ் உன் மடியில் தலை வைத்திருந்தான், நான் உங்களைக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், கூப்பிட்டால் கலைந்துவிடும் என்று கனவுக்குள்ளேயே தெரிந்தது. அப்போதுதான் உன் அப்பா, என்னைப் பார்க்காமல், தூண்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். "படகை விட்டுட்டுப் போனான், போகட்டும். எங்கப்பா பேரை வெச்சேன் அவனுக்கு. அதையும் கழட்டிப் போட்டுடுவானாமே" என்றார். இத்தனை நாள் அவர் மனசில் கிடந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான், "பேரைக் கழட்டலாம், உங்கப்பா மூக்கை எங்க கழட்டுவான்? அது அவன் மூஞ்சியிலதான இருக்கு" என்றேன். அவர் தூண்டிலை இழுத்து, இரையை மாற்றி மறுபடி போட்டார்.

பிறகு கரையில் மரப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது, மடத்தில் அழைப்பதற்குத் தட்டுவார்களே, அது. கழுதைகளோடு கறுப்பு அங்கிக்காரர்கள் ஐந்தாறு பேர் இறங்கி வந்தார்கள். எல்லாருக்கும் தாடி, எல்லாருக்கும் ஒரே தொப்பி. பெற்றவளுக்குப் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவர்தான் எழுந்து நின்று, "நடுவுல இருக்கறவன். பாரு, சுமை தூக்கறப்போ எடது தோளைக் குடுக்கறான். சொன்னாக் கேக்கவே மாட்டான்" என்றார். சொல்லிவிட்டு, பின்னால் கட்டியிருந்த சின்னத் தோணியை அவிழ்த்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல் அதில் இறங்கித் துடுப்புப் போட ஆரம்பித்தார். அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி நான் படகில் தனியாக நின்றேன்.

சீட்டு இல்லாமல் கரையில் கால் வைக்கக் கூடாது, அவரும் வைக்கவில்லை. தோணியிலேயே நின்று துறையின் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டார். பாஸ்காலிஸ் விறகைப் போட்டுவிட்டு வந்து கல்விளிம்பில் மண்டியிட்டான். இரண்டு முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன. மற்றவர்கள் கழுதைகளைத் திருப்பி அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள், நல்ல மனிதர்கள். எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. இவர் ஒரு கை வளையத்தில் இருக்க, இன்னொரு கையால் அவன் தலையைப் பிடித்து ஆட்டியதை மட்டும் பார்த்தேன், சின்ன வயசில் தப்புச் செய்தால் ஆட்டுவாரே அப்படி. பிறகு அவன் எழுந்து என் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினான். தலைமுடி தோள் வரைக்கும் வந்திருக்கிறது அசிமினா, காற்றில் எல்லாப் பக்கமும் பறந்தது. நான் என் தலைத்துணியை அவிழ்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அப்படியே நின்றோம். யார் முதலில் கையை இறக்கினோம் என்று ஞாபகமில்லை.

அவர் திரும்பி வந்து ஏறியபோது முகம் நனைந்திருந்தது, கடல் தண்ணீர் என்று நான் கேட்காமலே சொன்னார். என்ன பேசினீர்கள் என்று துளைத்தேன். "மணி என்னடான்னு கேட்டேன். மூணுன்னான். என் கையில பத்தேகால்டான்னேன். சிரிச்சான்" என்றார். அவ்வளவுதானா என்றேன். "புதுப் பேரு என்னன்னு கேட்டேன். அன்னிக்கு மடத்துப் பெரியவரு சொன்னாத்தான் அவனுக்கே தெரியுமாம். அப்போ ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ பாஸ்காலிஸ்தான்டா, அன்னிக்கு நான் வந்து நிக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் எஞ்சினைப் போட்டுவிட்டார், அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியவில்லை. பிட்டா, ஆலிவ், சீஸ் எல்லாம் இருந்த பொட்டலத்தை என்னைக் கேட்காமலே அவனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், நாங்கள் பட்டினியாக வந்தோம்.

சொன்னபடியே சீட்டு எடுத்து, உன் கல்யாணத்துக்கு வாங்கிய அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை போனார். நான் வீட்டில் இருந்தேன். ஞாயிறு காலை பக்கத்தைத் திறந்து, இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, சரியான கட்டத்தில் பூசை நேரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த நேரம் வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்து நின்றேன். மலை தெரியவில்லை, மேகம். ஆனாலும் கத்தரிக்கோலின் சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் நீ சிரிக்கமாட்டாய். அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. நேற்று அவர் திரும்பி வந்தார். புதுப் பெயரை நான் எழுதப்போவதில்லை, அவர்தான் எழுத வேண்டும் என்று தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

நீ வேலை முடிந்து வந்ததும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்காதே, ஒரு முட்டையாவது சாப்பிடு. மாப்பிள்ளையிடம் முதுகு வலிக்கு வெயில் படும்படி உட்காரச் சொல். வருகிற ஞாயிறு உங்கள் ஊரில் கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறார்களாம், மாதக் கடைசியில் நாங்கள் பின்னால் தள்ளுவோம், ஆகவே மறக்காமல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடு, நானும் அப்படியே செய்வேன். உன் கை பட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும், மாதா உன் தலைமேல் தன் முந்தானையை வைத்திருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா க்ரிசாந்தி

அசிமினா, அம்மா எல்லாம் எழுதிட்டா. உன் தம்பி கொஞ்சம் இளைச்சிருக்கான், மத்தபடி நல்லா இருக்கான். பேரு லூக்கியானோஸ். எனக்கு வாயில வரல, ரெண்டு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேன். கிளம்பறப்போ அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தான்.
அப்பா