மேட்டுக் கிணற்றின் அளவு

சென்னை
3.2.2025

அன்புள்ள மீனம்பாள்,

உன் நைனாவுக்கு இருமல் நின்றதா? போனில் சொன்னால் 'சரி, சரி' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நம் ஏரி ஆய்வுக்கு விருது! நீடித்த வளர்ச்சி ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் டெல்லியில் கொடுப்பது. நூறு நாள் வேலையில் உன் ஆட்கள் தூர் வாரிய பிறகு, தாழ்வான கிணறுகளில் மட்டுமல்ல, மேட்டு நிலத்துக் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது என்று காட்டினோமே, அதுதான் நடுவர்களுக்குப் பிடித்துவிட்டது. 'எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்த தண்ணீர்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நாலு வருஷம் மாதம் இரண்டு தடவை டேப்பும் நோட்டுமாக அலைந்தவள் நீ. மேடைக்கு நீயும் வர வேண்டும். அதற்கு முன், 27ஆம் தேதி நடுவர்கள் கிணறுகளைப் பார்க்க வருகிறார்கள். மேட்டுக் கிணறு எங்கள் பெரியப்பாவுடையதுதானே, நானே சொல்லிவிடுகிறேன்.

உன் பள்ளித்தோழி,
காயத்ரி

செஞ்சி வட்டம்
9.2.2025

அன்புள்ள காயத்ரிக்கு,

நைனா தேவலை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "விருதுன்னா இன்னா குடுப்பாங்க?" என்று கேட்டார். 

ஒன்று எழுத வேண்டும். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மேட்டுக் கிணற்றை நான் முதல் வருஷம்தான் அளந்தேன். 2022 ஆடியில் உன் பெரியப்பா கூப்பிட்டார். "உன் டேப்பு தண்ணியத் தொடுது. அந்தத் தண்ணியதான் சாமிக்கு எடுக்கிறோம். காயத்ரிய வேற ஆள அனுப்பச் சொல்லும்மா" என்றார். திட்டவில்லை. மோர் கூட ஒரு டம்ளரில் கொடுத்தனுப்பினார், வெளியே.

உன்னிடம் எப்படிச் சொல்வது? உன் பெரியப்பா. சொன்னால் ஆய்வையே நிறுத்திவிடுவாயோ என்று பயம். அதனால் எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கிணற்றை அளந்து, அந்த இடத்தில் எழுதிவிட்டேன். அது ஏரியை ஒட்டியது. தண்ணீர் ஏறத்தானே செய்யும்?

நான் செய்தது பொய்யா, இல்லை வேறு ஏதாவதா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

மீனம்பாள்

சென்னை
13.2.2025

மீனம்பாள்,

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "நான் எங்க வர வேணாம்னேன்? செவ்வா, வெள்ளி மட்டும் வேணாம்னேன். அந்தப் பொண்ணு தப்பாப் புரிஞ்சிக்கிட்டா" என்கிறார். யாரை நம்புவது? அவர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். நீ பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் இரண்டரை வருஷம் பொய்க் கணக்கு எழுதியிருக்கிறாய் என்று நீயேதான் சொல்கிறாய்.

உண்மையைச் சொன்னால் விருது போகும். ஏரியைத் தூர் வாரியதே வீண் என்று பேசுவார்கள். மற்ற ஊர்களுக்கும் வேலை கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால்? ஆறு கிணற்றில் ஒன்றுதானே என்றும் தோன்றுகிறது. எல்லாக் கிணற்றையும் அளந்ததாக, இதோடு வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவாயா? கேட்கும்போதே கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

காயத்ரி

செஞ்சி வட்டம்
18.2.2025

காயத்ரிக்கு,

தாள் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. உள்ளேயே வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு தடவை எழுதினேன், தப்பு. தெரிந்தே மறுபடி எழுதச் சொல்கிறாயே. செவ்வாயா வெள்ளியா என்று உன் பெரியப்பாவிடம் கேட்டாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த இரண்டரை வருஷத்தில் எத்தனை தடவை வந்தாய், ஏரிக்கரையோடு திரும்பினாய். ஒரு நாளாவது, 'வா, மேட்டுக்குப் போகலாம்' என்று சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இதைக் குற்றமாக எழுதவில்லை. எழுதிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

மீனம்பாள்

சென்னை
2.3.2025

அன்புள்ள மீனம்பாள்,

22ஆம் தேதி யாரிடமும் சொல்லாமல் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மேட்டுக்குப் போனேன். என் கையால் அளந்தேன். முதல் வருஷத்துக்கும் இப்போதைக்கும் ஓர் அடிகூட வித்தியாசமில்லை. மேட்டுக்குத் தண்ணீர் போகவே இல்லை.

பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார். "நீ தொட்டா பரவால்லம்மா, நீ நம்ம வூட்டுப் பொண்ணு" என்றார். அவருக்கு அது ஒரு பதிலாகவே தெரியவில்லை. நான் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். பாதியிலேயே அழுதுவிட்டேன். அவரும் குழம்பிப்போய் நின்றார்.

விருதுக் குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை. 'அளப்பவரை உள்ளே விடவில்லை, நான் கவனிக்கவில்லை' என்றேன். 27ஆம் தேதி நடுவர்கள் வரவில்லை, விருது வேறொருவருக்குப் போய்விட்டது.

மறுபடி தொடங்கலாமா? இந்த முறை ஆய்வில் உன் பெயரும் என் பெயரோடு வரும். மேட்டுக் கிணற்றை நீ அளக்கப் பெரியப்பா ஒத்துக்கொண்டார்.

என்னை மன்னித்துவிடு.

காயத்ரி

செஞ்சி வட்டம்
10.3.2025

அன்புள்ள காயத்ரிக்கு,

விருது போன செய்தியும், நான் உனக்கு உண்மையை எழுதியதும் ஊருக்குத் தெரிந்துவிட்டன. தூர் வாரிய பெண்கள் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். "நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா நம்ம ஏரி பேரு டெல்லி வரைக்கும் போயிருக்கும்" என்கிறாள் ராஜாம்பாள். அவள் சொல்வதும் தப்பில்லை. நீ செய்ததும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்றுதான் விளங்கவில்லை.

இனி அளக்க நான் வரவில்லை. அவர் ஒத்துக்கொண்டார் என்பதற்காக அந்தக் கிணற்றருகே போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் தெரு சுவாதி பத்தாவது முடித்தவள், அவளுக்கு இஷ்டமென்றால் கேட்டுக்கொள்.

நீ மட்டும் வா. மத்தியானமாக வா. நான் சோறு வைக்கிறேன், கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் நீ ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எப்போதும் உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கோபத்தில் கூப்பிடுகிறேனா, ஆசையில் கூப்பிடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வந்தால் தெரியும்.

மீனம்பாள்